ரத்தத்தில் இருக்கிறது, சரி. அதற்காக?

பெரியப்பா 46 வயதில் பெருங்குடல் புற்றுநோயில் போனார். அப்பாவுக்கு அதே நோய் 51ல். அத்தைக்குக் கர்ப்பப்பையில். வீட்டுக்கு ஏதோ தோஷம் என்று பரிகாரம்கூடச் செய்தோம். அப்பாவுக்குப் பார்த்த டாக்டர்தான் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன என்று விசாரித்து மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். லிஞ்ச் சிண்ட்ரோம், அதாவது பெருங்குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற, பரம்பரையாக வரும் மரபணுப் பழுது. எனக்கும் இருக்கிறது, தம்பிக்கும் இருக்கிறது.

அன்றிலிருந்து தம்பி ஒரே பேச்சு: "ரத்தத்துலயே இருக்குக்கா. இனிமே எதைத் தின்னா என்ன, சிகரெட்ட விட்டாத்தான் என்ன?"

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

செல் பிரியும்போது டிஎன்ஏவை நகலெடுக்கிறது. அதில் விழும் எழுத்துப் பிழையைத் திருத்தும் மரபணு எல்லோருக்கும் இரண்டு பிரதி உண்டு, அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று. எங்களுக்கு அதில் ஒன்று பிறவியிலேயே பழுது. மற்றொன்று வேலை செய்கிறவரை அந்த செல்லுக்கு ஒன்றும் ஆகாது. அதுவும் கெட்டுப்போன செல்லில்தான் பிழைகள் குவியத் தொடங்கும். அப்பா கொடுத்தது பாதிதான். மீதி நாம் வாழ்கிற காலத்தில் நடக்கிறது.

இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. இங்கிலாந்தில் நியூகாசிலைச் சேர்ந்த மருத்துவர் ஜான் பர்ன் குழு எங்களைப் போன்றவர்களை வைத்தே ஆய்வு நடத்தியது. தினம் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் இரண்டு வருடம். பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 13% பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 9%. அதே ஆய்வில் உடல் பருமனானவர்களுக்கு அந்த ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். மரபணுப் பழுது எல்லோருக்கும் இருந்தது, எடைதான் வேறு! (ஆஸ்பிரினை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.)

அதே ஆய்வில் என்னை அசைத்தது இன்னொன்று. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் ஒருவகை மாவுச்சத்தைத் தினம் 30 கிராம் வீதம் சிலருக்குக் கொடுத்தார்கள். பெருங்குடல் புற்றுநோய் அதனால் குறையவில்லை. ஆனால் மற்ற இடங்களில் வரும் புற்றுநோய்கள் ஏறக்குறைய பாதியளவுக்குக் குறைந்தன, முக்கியமாக இரைப்பை, கணையம், பித்தநாளம் போன்ற இடங்களில் வருபவை. கொஞ்சம் காயாக இருக்கிற வாழைப்பழம் தினம் ஒன்று சாப்பிடுவதற்குச் சமம் என்றார்கள். கொல்லையில் தார் தாராய்த் தொங்குகிறதை விட்டுவிட்டுப் பரிகாரத்துக்கு அலைந்திருக்கிறோம்.

ஆனால் அத்தை படுக்கையில் கிடந்தபோது, "என்னத்தச் சாப்பிட்டீங்களோ" என்று கேட்டவர்களை இன்னும் மன்னிக்க முடியவில்லை. அளவாகச் சாப்பிட்டு வயலுக்கு நடந்தே போய் வந்த மனுஷி. பழக்கம் ஆபத்தைக் குறைக்கும், அழிக்காது. நடைப்பயிற்சி போகிறேன் என்று கொலோனோஸ்கோபியை (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) தள்ளிப்போடுவதும் தப்பு. சின்ன முடிச்சாக இருக்கும்போதே வெட்டி எடுக்க வேறு வழி இல்லை.

1895ல் அமெரிக்காவில் மிச்சிகனில் வார்தின் என்ற மருத்துவரிடம் அவர் வீட்டுத் தையல்காரப் பெண், எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள், நானும் போவேன் என்றாளாம். கர்ப்பப்பைப் புற்றுநோயில் சின்ன வயதிலேயே போய்விட்டாள். தெரிந்திருந்தும் அவளால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

தம்பிக்கு வியாழக்கிழமை கொலோனோஸ்கோபி. புதன் இரவு அந்தப் பேதி மருந்தைக் குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். சிகரெட்டை விட்டு இன்றோடு பதினோரு நாள்.