இந்தியப் பிள்ளைகளுக்கும் என்.ஆர்.எஃப். உண்டு

அண்ணே, தென்னாப்பிரிக்காவின் தேசிய ஆராய்ச்சி அமைப்பான என்.ஆர்.எஃப். பற்றி, "என்.ஆர்.எஃப். ஆராய்ச்சி உதவித்தொகை கறுப்பர்களுக்கு மட்டும், நம் பிள்ளைகள் விண்ணப்பிப்பதே வீண்" என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு. 1998-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் 'கறுப்பர்' என்றாலே ஆப்பிரிக்கர், கலர்ட் (கலப்பினத்தார்), இந்தியர் மூவரும்தான், என்.ஆர்.எஃப். கணக்கிலும் அப்படித்தான். சில இடங்களில் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு முன்னுரிமை உண்டு, மறுக்கவில்லை, ஆனால் முன்னுரிமை வேறு, கதவடைப்பு வேறு.

2021-இல் திட்டத்தை மாற்றியபோது குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால் முழுப் படிப்புச் செலவும் என்று வைத்தார்கள், மதிப்பெண் மிக நன்றாக இருப்பவர்களுக்குத் தனி வழியும் உண்டு. வயது வரம்பைப் பாருங்கள்: ஆனர்ஸுக்கு (இளநிலைப் பட்டத்துக்கு அடுத்த ஓராண்டுப் படிப்பு) 28, மாஸ்டர்ஸுக்கு 30, முனைவர் பட்டத்துக்கு 32.

உங்கள் குழப்பம் எங்கே என்றால், என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவி பெரும்பாலும் இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடும். ஆனர்ஸில் பணம் நின்றதும் "நமக்கு இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

என் தங்கை மகள் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த் போலீஸ் ஸ்டேஷனில் வரிசையில் நின்று அஃபிடவிட்டில் முத்திரை வாங்கி, எல்லாத் தாளும் சேர்த்து அனுப்பியும் முதல் வருடம் கிடைக்கவில்லை. இனம் காரணமில்லை. பல்கலைக்கழகத்தின் உள் கெடு என்.ஆர்.எஃப். கெடுவுக்கு முன்பே முடிந்துவிடும், அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வருடம் முதல் வேலையாக அந்தத் தேதியைத்தான் கேட்டு எழுதி வைத்தாள், கிடைத்தது.