4 டாலர் போர்டு கமடோரைக் கொல்லவில்லை

முந்தாநாள் நம் பழைய கணினிக் குழுவில் நடந்ததைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். அந்தத் தம்பி தன் கமடோர் 64-ல் (எண்பதுகளின் வீட்டுக் கணினி) செத்துப்போன சிட் ஒலிச் சிப்பைக் கழற்றிவிட்டு, அதே சாக்கெட்டில் ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற குட்டி மைக்ரோகண்ட்ரோலர் வைத்த சின்ன போர்டைச் செருகி, பாட்டு வரும் வீடியோவைப் போட்டிருந்தான். கீழே வந்த முதல் வரி: "இதுக்கு எமுலேட்டர்லயே கேட்டுட்டுப் போயிருக்கலாமே." (எமுலேட்டர் என்றால் பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருள்.) அடுத்தது: "பிணத்துக்குள்ள ஸ்பீக்கர் வெச்ச மாதிரி இருக்கு." சாயங்காலத்துக்குள் வீடியோ இல்லை. அவனே எடுத்துவிட்டான்.

எனக்கு இது ஆறவில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

பழைய இயந்திரத்தைக் கொல்வது பிக்கோ அல்ல. கமடோரைக் கொல்வது அதனோடு வந்த கறுப்புப் பவர் சப்ளை. உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட் மேலே ஏறும்; முதலில் போவது 4164 ராம் சிப்புகள். எழுதிய பெரியவர்களில் ஒருவராவது அந்தத் தம்பியிடம் "5 வோல்ட்டை அளந்தாயா?" என்று கேட்டாரா? கமடோரின் முதுகில் இருக்கும் யூசர் போர்ட் என்ற இணைப்பில் 1-ஆம் பின் கிரவுண்ட், 2-ஆம் பின் 5 வோல்ட். மல்டிமீட்டரை வைத்தால் பத்து விநாடி வேலை. 5.25-ஐத் தாண்டினால் அந்த சப்ளையை அப்போதே ஓரம்கட்ட வேண்டும். இதைச் சொல்லியிருந்தால் ஒரு இயந்திரம் பிழைக்கும். பிணம் என்று சொன்னதால் யாருக்கு என்ன கிடைத்தது?

சிட் சிப்பை வடிவமைத்தவர் பாப் யான்ஸ். இயந்திரம் வந்தது 1982-ல். கமடோர் நிறுவனம் 1994 ஏப்ரலில் மூடப்பட்டது. புது 6581-ஓ 8580-ஓ (சிட்டின் முந்தைய, பிந்தைய வகைகள்) இனி எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வரப்போவதில்லை. இன்று "அசல் சிப்" என்று விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி இன்னொரு கமடோரிலிருந்து பிடுங்கியது. மேல் எழுத்தைச் சுரண்டி மறுபடி அச்சடித்த போலிகள் வேறு. ஆக, "அசலைத்தான் போட வேண்டும்" என்று சொல்பவர் ஒரு இயந்திரத்தைக் காப்பாற்ற இன்னொன்றை ஊமையாக்கச் சொல்கிறார். 2021-ல் 4 டாலருக்கு வந்த பிக்கோ எந்த இயந்திரத்தையும் ஊமையாக்கவில்லை.

"அதெல்லாம் சரி, 5 வோல்ட் இயந்திரத்தில் 3.3 வோல்ட் சிப்பை வைப்பது ஆபத்துதானே?" என்பீர்கள். ஆபத்துதான். இங்கே நான் முழுக்க உங்கள் பக்கம். ஆனால் அது வயரிங்கின் தப்பு.

பிக்கோவில் இருக்கும் ஆர்பி2040-ன் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. தரவுத்தாள் தரும் உச்ச வரம்பு, பின்களுக்குக் கொடுக்கும் 3.3-க்கு மேல் அரை வோல்ட், அதாவது 3.8. "நேரடியா இழுத்து ஆறு மாசமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலை" என்று பிக்கோவை ஆதரிக்கும் நம் பக்கத்திலும் சிலர் எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை தெரியுமா? பழைய என்மாஸ் வகைச் சிப்புகளின் உயர்நிலை பெரும்பாலும் முழு 5 வோல்ட்டை எட்டாது. மூன்றரை, நான்கில் நின்றுவிடும். அதே லைனில் சிமாஸ் என்ற வேறு வகைச் சிப் இருந்தால் முழு 5 வோல்ட்டும் வரும், பிக்கோ மெல்ல மெல்லக் கெடும். ஒருவர் வீட்டில் ஓடுவது இன்னொருவர் வீட்டில் ஓடாததற்கு இதுவே காரணம். தயவுசெய்து புதியவர்களுக்கு நேரடி இணைப்பைப் பரிந்துரைக்காதீர்கள்.

சரியான வழி, இரண்டு வோல்ட்டேஜுகளுக்கும் நடுவில் நிற்கும் லெவல் ஷிப்டராக இரண்டே இரண்டு 74எல்விசி245 சிப். 3.3 வோல்ட்டில் ஓட்டினாலும் உள்ளீட்டில் 5 வோல்ட்டைத் தாங்கும். அது வெளியே தரும் 3.3 வோல்ட், டிடிஎல் என்ற பழைய 5 வோல்ட் லாஜிக் கேட்கும் 2 வோல்ட்டுக்கு மேல் என்பதால், கமடோரின் சிப்புகளை இணைக்கும் பொது லைன்களான பஸ்ஸுக்குத் தாராளம். சிட் சாக்கெட்டைப் பாருங்கள்: 9 முதல் 13 வரை முகவரி லைன்கள் ஐந்து, 6-ல் ஃபை-2 எனும் பஸ் கடிகாரம், 7-ல் படிப்பதா எழுதுவதா என்று சொல்லும் ரீட்-ரைட், 8-ல் இந்தச் சிப்பைக் கூப்பிடும் சிப் செலக்ட். கூட்டினால் எட்டு, ஒரு 245 நிரம்பிவிட்டது. 15 முதல் 22 வரை தரவு லைன்கள் எட்டு. அது இரண்டாவது 245. 5-ஆம் பின்னில் இருக்கும் ரீசெட்டுக்கு 1 கிலோஓம், 2 கிலோஓம் வைத்துப் பிரித்தால் 3.3 வந்துவிடும். ஒவ்வொரு சிப்பின் பவர் பின்னுக்குப் பக்கத்திலும் 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று.

இரண்டாவது 245-ல்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். திசைப் பின் தாழ்வாக இருந்தால் சமிக்ஞை பி பக்கத்திலிருந்து ஏ பக்கம் போகும். ஆகவே கமடோரை பி பக்கத்திலும் பிக்கோவை ஏ பக்கத்திலும் இணைத்து, திசைப் பின்னை 10 கிலோஓம் வழியாகக் கிரவுண்டில் கட்டிவிடுங்கள். பிக்கோ இன்னும் விழிக்காத நேரத்திலும் போர்டு கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும், பஸ்ஸில் எதையும் தள்ளாது. இதை மாற்றிக் கட்டினால், சுவிட்ச் போட்ட அடுத்த கணமே மற்றச் சிப்புகளோடு மல்லுக்கட்டும். திரை கறுப்பாகவே நிற்கும். "பிக்கோ கமடோரைக் கெடுத்துவிட்டது" என்ற புகார்களில் பாதி இந்த ஒரு ரெசிஸ்டர்தான் என்பது என் கணிப்பு.

மின்சாரம் சிட் சாக்கெட்டின் 25-ஆம் பின்னின் 5 வோல்ட்டிலிருந்து. நடுவில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு ஷாட்கி டையோடு, அதன் பிறகு பிக்கோவின் விசிஸ் (VSYS) என்ற மின்உள்ளீட்டுப் பின். டையோடு இல்லாமல் விட்டு, நிரல் ஏற்ற யூஎஸ்பியைச் செருகினால், அணைத்து வைத்திருக்கும் கமடோருக்குள் பின்வழியாக மின்சாரம் ஏறும். 28-ஆம் பின்னைத் தொடவே தொடாதீர்கள். பழைய போர்டில் அங்கே 12 வோல்ட், பிந்தையதில் 9 வோல்ட். பிந்தைய 8580 சிப்பைப் பழைய போர்டில் செருகினால் இந்த வித்தியாசமே அதைக் கொன்றுவிடக்கூடும். பிக்கோவுக்கு அந்தப் பின் தேவையே இல்லை.

நிரலுக்கு வந்தால், சிட்டில் 29 பதிவேடுகள் (எண்களைப் போட்டு எடுக்கும் சிறு அறைகள்). 25 எழுத மட்டும், 4 படிக்க மட்டும். பெரும்பாலான நேரம் பிக்கோ கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பால் (PAL) டிவி வகைக் கமடோரில் ஃபை-2 உயர்ந்திருக்கும் நேரம் சுமார் 500 நானோவிநாடி. 133 மெகாஹெர்ட்ஸில் பிக்கோவின் ஒரு சுற்று 7.5 நானோவிநாடி. கடிகாரம் உயர்ந்ததிலிருந்து ஏறக்குறைய 400 நானோவிநாடி கழித்து, அதாவது 53 சுற்று எண்ணி, பின்களைப் படியுங்கள். கடிகாரம் விழட்டும் என்று காத்திருந்தால் தரவு நழுவிவிடும். இந்த வேலையைப் பிராசஸரை இடைமறிக்கும் இன்டரப்டில் செய்யாதீர்கள்; பிக்கோவின் பின்களைத் தனியாகக் கவனிக்கும் பிஐஓ சுற்றில் செய்யுங்கள், அது அதற்கென்றே பிறந்தது. மீதி நிரலைத் தொடக்கத்திலேயே ராமுக்கு நகலெடுத்துவிடுங்கள். வெளி ஃபிளாஷிலிருந்து ஓடும் நிரல் கேஷ் என்ற தற்காலிக நினைவகத்தில் இல்லாத இடத்துக்குத் தாவினால் பிராசஸர் அங்கேயே நின்றுவிடும். பாட்டு அங்கங்கே விக்கும். படிக்கும் நான்கு பதிவேடுகளையும் விட்டுவிடக் கூடாது: பேடில் (குமிழைத் திருகி விளையாடும் கருவி), மவுஸ் இரண்டும் அவற்றில்தான் வருகின்றன. மூன்றாவது குரலின் இரைச்சலிலிருந்து தற்போக்கு எண் எடுக்கும் விளையாட்டுகளும் உண்டு.

இவ்வளவையும் யோசித்துச் செய்தவனைப் பார்த்துத்தான் "எமுலேட்டரில் கேட்டிருக்கலாமே" என்றார்கள்.

அடுத்த வாதம் எனக்குத் தெரியும். "1 மெகாஹெர்ட்ஸ் இயந்திரத்துக்குள் 133 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரா? எஜமானனைவிட வேலைக்காரன் பலசாலியா?" ஐயா, கமடோரின் 1541 டிஸ்க் டிரைவுக்குள் என்ன இருக்கிறது? சொந்தமாக ஒரு 6502 பிராசஸர், 2 கிலோபைட் ராம், 16 கிலோபைட் ரோம். ஒரு கணினிக்குப் பக்கத்தில் இன்னொரு கணினியை வைத்தது கமடோரே.

இன்னும் கேளுங்கள். எண்பதுகளின் பிரிட்டிஷ் கணினியான பிபிசி மைக்ரோவில் ட்யூப் என்று ஒரு இணைப்பு உண்டு. இரண்டாவது பிராசஸரைச் செருகுவதற்காகவே அதைத் தயாரித்த அக்கார்ன் நிறுவனம் வைத்தது. 1985 ஏப்ரல் 26 அன்று கேம்பிரிட்ஜில் அக்கார்னின் முதல் ஆர்ம் பிராசஸர் சிப் உயிர்பெற்றதும் பிபிசி மைக்ரோவின் துணையோடுதான். அடுத்த ஆண்டு அந்த ஆர்ம், ட்யூபில் செருகும் பெட்டியாகவே விற்பனைக்கு வந்தது. 2 மெகாஹெர்ட்ஸ் 6502 எஜமானன், பக்கத்தில் அதைப் பல மடங்கு மிஞ்சும் 32 பிட் வேலைக்காரன்! 1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற அரசுக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் இந்தியப் பள்ளிகளுக்கு வந்ததும் இதே பிபிசி மைக்ரோதான். பிக்கோவுக்குள் இருக்கும் கார்டெக்ஸ்-எம்0+ பிராசஸர் அந்த ஆர்மின் வழிவந்தது. பேரன் தாத்தா வீட்டுக்கு வந்திருக்கிறான். அவனை வாசலில் நிறுத்தி வம்சம் விசாரிக்கிறீர்கள்.

"ஒலி அசலைப் போல இல்லை" என்ற வாதம் உண்மை. ஒலியை வடிகட்டும் ஃபில்டரில் வித்தியாசம் தெரியும். ஆனால் 6581-ன் ஃபில்டர் சிப்புக்குச் சிப் வேறுபட்டது. எது அசல் ஒலி என்று நீங்களே முதலில் முடிவு செய்யுங்கள்.

எல்லா வேலைக்கும் பிக்கோ என்றும் நான் சொல்லவில்லை. ஜாய்ஸ்டிக், விசைப்பலகை போன்ற மெதுவான வேலைக்கு 5 வோல்ட்டிலேயே ஓடும் ஏடிமெகா328 மைக்ரோகண்ட்ரோலர் போதும். லெவல் ஷிப்டரே வேண்டாம். ஆனால் 16 மெகாஹெர்ட்ஸில் கமடோரின் ஒரு அரைச்சுற்றுக்குள் அதற்கு எட்டுக் கட்டளைதான் கிடைக்கும், பஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வைஃபை மோடத்துக்கு இஎஸ்பி8266 சிப் நல்லது. மின்சாரத்தை மட்டும் யூசர் போர்ட்டிலிருந்து எடுக்க வேண்டாம். அங்கே அனுமதி 100 மில்லிஆம்பியர். இஎஸ்பி அலை அனுப்பும்போது சில நூறு கேட்கும், மோடம் தானாக ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். ஐ2சி என்ற மெதுவான இணைப்புக்கான பிஎஸ்எஸ்138 ஷிப்டரை வாங்கிப் பஸ்ஸில் போடுவதும் வீண். அதன் 10 கிலோஓம் புல்-அப், லைனை மேலே தூக்குவதற்குள் சுற்று முடிந்துவிடும்.

போன வருடம் என் மேசைக்கு சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு பழைய கணினி வந்தது. "எஸ்டி கார்டு இன்டர்ஃபேஸ் போட்டதும் செத்துவிட்டது" என்ற புகாரோடு. திறந்து பார்த்தால் டிஆர்4 டிரான்சிஸ்டர் போயிருந்தது. மின்சாரம் இருக்கும்போதே இன்டர்ஃபேஸை உருவியிருக்கிறார்கள். எட்ஜ் கனெக்டரில் பக்கத்துப் பக்கத்துத் தொடர்புகள் உரசினால் டிஆர்4 போகும். அதோடு மைனஸ் 5 வோல்ட் போகும். அது இல்லாமல் 4116 ராம் சிப்புகள் ஒவ்வொன்றாகச் சாகும். எண்பதுகளில் ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸை உருவியவர்களுக்கும் இதேதான் நடந்தது. பழி மட்டும் இப்போது புது போர்டுக்கு.

உண்மையிலேயே கோபப்பட வேண்டிய இடமும் உண்டு. இடம் பத்தவில்லை என்று கேஸில் ஓட்டை போடுபவர்கள், மதர்போர்டில் ட்ராக்கை வெட்டுபவர்கள், சாக்கெட் இல்லாத சிப்பை வெறும் சால்டரிங் அயர்னால் பிடுங்கிப் பேடையே பெயர்ப்பவர்கள். அவர்களிடம் கோபப்படுங்கள், நானும் சேர்ந்து கத்துகிறேன். இவன் ஒரு துளி சால்டர்கூட மதர்போர்டில் வைக்கவில்லை. அசல் சிப்பைப் பிளாஸ்டிக் குப்பியில் போடாமல் ஆன்டிஸ்டாட்டிக் ஃபோமில் குத்தி, பெயர் எழுதி வைத்திருந்தான். வீடியோவின் கடைசியில் காட்டினான். வீடியோவை அந்த இடம் வரை யாரும் பார்க்கவில்லை. முப்பது வருடமாகப் பரணில் இந்த இயந்திரங்களைப் பூட்டி வைத்திருப்பவர்கள், ஒன்றைப் பாட வைத்தவனை அழ வைத்துவிட்டார்கள். இந்தக் குழுவில் இருபத்தைந்து வயதுக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? எனக்குத் தெரிந்து மூன்று பேர். முந்தாநாள் வரை.

தம்பி, நீ இதைப் படித்தால்: வீடியோவை மறுபடி போடு. இந்த முறை போர்டின் அடிப்பக்கத்தையும் காட்டு, திசைப் பின்னில் அந்த 10 கிலோஓம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 12-ஆவது விநாடியில் கேட்ட சிறு சீறல், துடிப்புகளால் ஒலி தரும் பிடபிள்யூஎம் ஒலிவெளியீட்டுடையது என்று நினைக்கிறேன். எண்களை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் ஒரு பிசிஎம்5102 டிஏசி போர்டைச் சேர்த்தால் போய்விடும். என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. முகவரியை இன்பாக்ஸில் அனுப்பு.