இரவோடு இரவாக மாறிவிடும் கார்

நேற்று மாலை வரை என் மின்சார காருக்கும் எனக்கும் நல்ல உடன்பாடு இருந்தது. முன்னால் போகும் வண்டிக்கு அது எவ்வளவு இடைவெளி விட வேண்டும், தடம் விலகினால் தானாக ஸ்டீயரிங்கை எவ்வளவு அழுத்தமாகத் திருப்ப வேண்டும், எல்லாம் பேசி முடித்த விஷயம். இரவில் மென்பொருள் புதுப்பிப்பு வந்தது. காலையில் பார்த்தால் வண்டிக்குள் வேறு யாரோ குடியேறியிருக்கிறார்.

வேகத்தையும் இடைவெளியையும் தானே பார்த்துக்கொள்ளும் குரூஸ் கன்ட்ரோலுக்கு இரண்டு முறை தட்டிப் பழகிய விரல் இது. இப்போது முதல் தட்டிலேயே அது விழித்துக்கொள்கிறது, இரண்டாவது தட்டில் அணைந்துவிடுகிறது. திரையில் மூன்று கோடாக வைத்திருந்த இடைவெளி ஒரு கோடாகச் சுருங்கியிருந்தது. முன்னால் போன லாரியின் பின்பலகையில் இருந்த பொடி எழுத்தைப் படித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். மேம்பாலத்தின் நிழலைக் கண்டதும் தானாகவே சடாரென்று பிரேக். பின்னால் வந்தவர் அடித்த ஹார்ன் இன்னும் காதில் ஒலிக்கிறது.

என்னதான் மாற்றினார்கள் என்று திரையில் தேடினால், “செயல்திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது, சிறு பிழைகள் நீக்கப்பட்டுள்ளன.” எந்தப் பிழை, ஐயா? 2021 முதல் நடைமுறையில் இருக்கும் ஆர்156 என்ற ஐ.நா. விதிமுறை, புதுப்பிப்பைப் பற்றி வாகனத்தைப் பயன்படுத்துபவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவித்துத்தான் விட்டார்களே, ஒன்றரை வரியில்!

வேண்டாம் என்று தள்ளிவிடவும் முடியாது. பாதுகாப்புத் திருத்தங்களும் அதே மூட்டையில்தான் வருகின்றன. பழையதற்குத் திரும்பலாம் என்றால் அதற்குப் பொத்தானே இல்லை. இதோ, திரையின் மூலையில் அடுத்த புதுப்பிப்புக்கான அம்புக்குறி மின்னத் தொடங்கிவிட்டது.