வடமோடி யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியது அல்ல

வடமோடி, தென்மோடி என்பவை ஈழத்துத் தமிழ்க் கூத்தின் (ஆடலும் பாடலும் கலந்த நாடகத்தின்) இரண்டு ஆட்டமுறைகள். நீங்கள் பகிர்ந்த முதலாம் வருட மாணவர்களுக்கான குறிப்பில் "வடமோடி யாழ்ப்பாணத்துக் கூத்து, தென்மோடி மட்டக்களப்புக் கூத்து, பரீட்சைக்கு இது போதும்" என்று இருக்கிறது. தம்பி, இது பிழை. தயவுசெய்து மாணவர்களுக்கு இப்படியே அனுப்பிவிடாதீர்கள்.

மட்டக்களப்பில் இரண்டு மோடியும் ஆடப்படுகின்றன. வடமோடியில் பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகள். போர் முக்கியம், அரசருக்குக் கரப்புடுப்பு (கரப்புப்போல் விரிந்து நிற்கும் உடை). தென்மோடியில் பாட்டு இழுத்துப் பாடப்படும், தாளக்கட்டு (ஆட்டத்துக்கான தாளச் சொற்கட்டு) நுணுக்கமும் கூடுதல். காதல், கலியாணக் கதைகள் அதிகம். இந்த வேறுபாட்டை வடக்கு, கிழக்கு என்று பிரித்த வரைபடம் போல மனப்பாடம் செய்ய முடியாது. ஆடுபவரின் காலடியைப் பார்க்கவேண்டும், மத்தளத்தைக் கேட்கவேண்டும்.

"கூத்தும் பல்கலைக்கழகமும் அண்மைக்கால உறவு" என்று குறிப்பில் இருப்பதும் சரியல்ல. 1960களின் தொடக்கத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவரைக்கொண்டு மேடையேற்றினார். 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடியவர் அப்போது மாணவரான சி. மௌனகுரு, பிறகு வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஆடிப் படித்த ஒருவர்தான் பின்னர் அதைப் படிப்பித்தார்.

ஊரில் கூத்து ஒரே இரவில் முளைப்பதில்லை. சட்டம் கொடுப்பது (நடிகருக்கு அவரவர் பாத்திரத்தின் பாட்டு ஏட்டைக் கொடுப்பது), சதங்கை அணிவது, அரங்கேற்றம் என்று மாதக்கணக்கில் அண்ணாவியார் (கூத்து ஆசிரியர்) பழக்குவார். ஒரு கிழமையாவது பிள்ளைகளைக் கூத்துப் பழகும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். கொழும்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் வட்டக்களரியை (கூத்தாடும் வட்ட அரங்கை) சுற்றி உட்கார்ந்து பார்க்கட்டும். குறிப்பைத் திருத்தித் திரும்பப் போடுங்கள். வேண்டுமென்றால் நானும் சேர்ந்து எழுதித் தருகிறேன்.