கால்விரலை அளக்கத் தெரிந்தவர்களுக்குப் பந்து தெரியவில்லையா?

கோல் விழுந்தால் துள்ளிக் குதிக்கப் பயமாக இருக்கிறது. கால்பந்து பார்க்கிற எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பந்து வலைக்குள் போகிறது, உட்கார்ந்திருந்தவர் எழுகிறார், வாய் திறக்கிறது, அதற்குள் கண் நடுவரின் காதுக்குப் போய்விடுகிறது. காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறாரா? நின்றால் போயிற்று. இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ, எங்கோ ஓர் அறையில் யாரோ எதையோ சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் கோல்தான் என்று தீர்ப்பு வந்தாலும் மனம் ஆறிப்போயிருக்கும். ஒரு கோலுக்காக 90 நிமிடம் காக்க வைக்கும் ஆட்டம் இது. சில நாள் அந்த ஒன்றும் வராது. நள்ளிரவு தாண்டி, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்க்கிற நமக்கு அந்த ஒரு நொடிதான் கூலி. அதையும் வி.ஏ.ஆர். என்ற காணொளி நடுவர் முறையால் பிடுங்கிக்கொண்டார்கள்.

தொழில்நுட்பமே கூடாது என்பவர்களின் கட்சியில் நான் இல்லை. வேண்டும் என்று கேட்டவர்களில் ஒருவன் நான். 2010 ஜூன் 27, தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன் நகரம், உலகக் கோப்பை. ஜெர்மனி 2, இங்கிலாந்து 1. ஃபிராங்க் லம்பார்ட் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு உள்ளே நன்றாகவே விழுந்து, எம்பி வெளியே வந்தது. கோல்கீப்பர் மானுவல் நோயர் அதை எடுத்து, எதுவும் நடக்காததுபோல ஆட்டத்தைத் தொடர்ந்தார். டிவியில் பார்த்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. நடுவருக்கும் உதவி நடுவருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வேகத்தில், அந்தத் தூரத்திலிருந்து, மனிதக் கண்ணால் அவ்வளவுதான் முடியும். இப்படிப்பட்ட அநியாயம் இனி நடக்கக் கூடாது என்றுதான் கருவி கேட்டோம். கருவியும் வந்தது. 2012 ஜூலையில் கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கொடுத்தது. பந்து முழுவதுமாகக் கோட்டைத் தாண்டினால் ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரத்தில் செய்தி வந்துவிடும். ஆட்டம் நிற்காது, ரசிகன் குழம்ப மாட்டான். தாண்டியதா, இல்லையா என்ற கேள்விக்குப் பதில் ஒன்றுதான். அதைக் கருவி சொல்கிறது. அந்தக் கருவியை எடுத்துவிடுங்கள் என்று இன்று ஒருவர்கூடக் கொடி பிடிப்பதில்லை.

பிறகு வந்தது காணொளி உதவி நடுவர் முறை, வி.ஏ.ஆர். 2018இல் விதிப் புத்தகத்தில் ஏறியது, அதே ஆண்டு ரஷ்யாவில் உலகக் கோப்பைக்கும் வந்தது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுவது என்ற நான்கு விஷயங்களில், அதுவும் யார் பார்த்தாலும் தவறு என்று தெரிகிற தவறுகளில் மட்டும் தலையிடுவோம் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. நல்ல வாக்கு. நம்பினோம்.

2019 நவம்பர் 2 அன்று இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக லிவர்பூலின் ராபர்ட்டோ ஃபிர்மினோ அடித்த கோலை ரத்து செய்தார்கள். காரணம், அவருடைய அக்குள் ஆஃப்சைடாம், அதாவது பந்து கொடுக்கப்பட்ட கணத்தில் எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி இருந்ததாம். அக்குள்! அடுத்த ஆண்டு நவம்பரில் லீட்ஸ் அணியின் பாட்ரிக் பாம்ஃபோர்ட், 'பந்தை இங்கே போடு' என்று சக வீரருக்குக் கையை நீட்டிக் காட்டினார். பந்து அங்கேயே வந்தது, கோலும் அடித்தார். நீட்டிய கையின் மேற்பகுதி ஆஃப்சைடு கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது என்று அந்தக் கோல் செல்லாது என்றார்கள். எந்தத் தடுப்பாட்டக்காரர் ஏமாந்தார் அந்தக் கையால்? எந்தக் கோல்கீப்பருக்கு அநியாயம் நடந்தது? பந்துக்காகக் கோல் வலையருகே காத்துக் கிடப்பதைத் தடுக்க வந்த விதி இது. அதைக் கொண்டுவந்து வழி காட்டிய கையில் மாட்டியிருக்கிறார்கள்.

அளவு துல்லியமானதா என்றால் அதுவும் இல்லை. அப்போது திரையில் ஆஃப்சைடு கோடு போடப் பயன்பட்ட கேமராக்கள் நொடிக்கு 50 படம் எடுப்பவை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 0.02 நொடி. முழு வேகத்தில் ஓடும் முன்கள வீரர் நொடிக்கு ஒன்பது, பத்து மீட்டர் போவார். அப்படியானால் இரண்டு படங்களுக்கு நடுவில் அவர் 20 சென்டிமீட்டர் வரை நகர்ந்திருப்பார். தடுப்பாட்டக்காரர் எதிர்த்திசையில் வந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். பந்து காலை விட்டுப் பிரிந்த கணம் இந்தப் படத்திலா, அடுத்த படத்திலா, இரண்டுக்கும் நடுவிலா என்பதை அறையில் இருப்பவர் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சாண் பிழைக்கு இடம் இருக்கும் முறையால் ஒரு விரற்கடையை அளந்து, 'ஆஃப்சைடு' என்று அடித்துச் சொன்னார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகு 2021-22 பருவத்தில் கோட்டைத் தடிமனாக்கினார்கள். அதற்குள் ரத்தான கோல்கள் ரத்தானவைதான்.

கிரிக்கெட்டில் இந்த நேர்மை முதலிலேயே இருந்தது. பந்து ஸ்டம்பின் ஓரத்தை மட்டும் உரசும் என்று கருவி கணித்தால், களத்தில் நின்ற அம்பயர் சொன்னதே நிற்கும். கருவிக்கும் ஓர் எல்லை உண்டு என்று விதியே ஒப்புக்கொள்கிறது. மூன்றாவது அம்பயர் எதைப் பார்க்கிறார், என்ன சொல்கிறார் என்று வீட்டில் இருப்பவருக்கும் கேட்கிறது. பந்துக்கும் பந்துக்கும் நடுவே தானாகவே நின்று போகிற கிரிக்கெட்டுக்கே இவ்வளவு கவனம் வேண்டியிருந்தது. நிற்காமல் ஓடுவதையே உயிராக வைத்திருக்கும் கால்பந்தில் கதவைச் சாத்திக்கொண்டு விசாரணை நடத்துகிறார்கள்.

கோவென்ட்ரி ரசிகர்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 2024 ஏப்ரல் 21, லண்டன் வெம்ப்ளி மைதானம், இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. அப்போது இரண்டாம் நிலை லீகில் ஆடிய கோவென்ட்ரி, மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 0-3 என்று பின்தங்கிக் கிடந்தது. 71ஆவது நிமிடத்தில் ஒன்று, 79இல் ஒன்று, காயங்களுக்கான கூடுதல் நிமிடங்களில் பெனால்டியில் ஒன்று. 3-3. அதன் பிறகு அரை மணி நேரக் கூடுதல் ஆட்டம். அதன் கடைசி மூச்சில், 120 நிமிடம் தாண்டி, விக்டர் டார்ப் கோல் அடிக்கிறார். இப்படி ஒரு கோலைத் தன் அணி அடித்துப் பார்க்க எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டும்! ரசிகர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள், முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அப்போது கோடு போட்டார்கள். பந்தைக் கொடுத்த ஹாஜி ரைட்டின் கால்விரல் நுனி தாண்டியிருந்ததாம். கோல் இல்லை. பெனால்டி ஷூட் அவுட்டில் கோவென்ட்ரி தோற்றது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, இவர்களுக்கு வாய்க்குள் போட்டதையே தோண்டி எடுத்தார்கள்.

'விதி என்றால் விதி, ஒரு மில்லிமீட்டர் என்றாலும் ஆஃப்சைடு ஆஃப்சைடுதான்' என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். சரி, அவ்வளவு கறாரா? அப்படியானால் பெரிய தவறுகளெல்லாம் ஒழிந்திருக்க வேண்டுமே, எங்கே ஒழிந்தன?

2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் மைதானம். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்தது சுத்தமான கோல். உதவி நடுவர் தவறாகக் கொடி தூக்கிவிட்டார். இதைத் திருத்தத்தான் வி.ஏ.ஆர். அறை இருக்கிறது. அறையில் இருந்தவர் படத்தைப் பார்த்தார், ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று அவராக நினைத்துக்கொண்டு, சரிபார்ப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டார். நடுவர் அதை ஆஃப்சைடு உறுதியானது என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினார். சில நொடிகளிலேயே அறையில் காட்சிகளைத் திரையில் ஓட்டுபவருக்குத் தப்பு புரிந்துவிட்டது, பதறுகிறார், ஆட்டத்தை நிறுத்தச் சொல்கிறார். ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வருகிறது. ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் பின்னால் போகக் கூடாது என்பது விதியாம். உண்மை தெரியும், தெரிந்தவர்கள் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள், வாயை மட்டும் திறக்க மாட்டார்கள். லிவர்பூல் 1-2 என்று தோற்றது. மூன்று நாள் கழித்து அந்த ஒலிப்பதிவை வெளியிட்டார்கள். கேட்கும்போது கை நடுங்கியது.

அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட்டில் செல்சி ஆட்டம். டாட்டன்ஹாமின் ரொமேரோ, செல்சியின் குக்குரெய்யாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். வி.ஏ.ஆர். பொறுப்பில் இருந்த மைக் டீன் களத்து நடுவரைத் திரையில் பார்க்கச் சொல்லவில்லை. அடுத்து வந்த கார்னரில் டாட்டன்ஹாம் 96ஆவது நிமிடத்தில் சமன் செய்தது. ஓய்வு பெற்ற பிறகு டீனே காரணம் சொன்னார்: களத்து நடுவர் தன் நண்பர், ஏற்கெனவே நெருக்கடியில் இருந்தவருக்கு மேலும் தொல்லை கொடுக்க மனம் வரவில்லையாம். லட்சக்கணக்கான ரசிகர்களின் இரவு ஒரு நட்புக்குக் காணிக்கை. முடியைப் பிடித்து இழுப்பது யார் பார்த்தாலும் தெரிகிற தவறு இல்லை என்றால் வேறு எது?

2020 ஜூன் 17 அன்று ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கோட்டுக்குப் பின்னால் போனார். கோல் கோட்டுக் கருவியின் ஏழு கேமராக்களையும் ஆட்கள் மறைத்துவிட்டதால் கடிகாரம் பேசவில்லை. டிவி பார்த்த அனைவருக்கும் தெரிந்தது, வி.ஏ.ஆர். அறை தலையிடவில்லை. ஆட்டம் 0-0. பருவ முடிவில் வில்லா ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தப்பித்தது, போர்ன்மத் அடுத்த நிலை லீக்குக்குக் கீழிறங்கியது. அக்குளுக்கு விழித்திருந்த அறை, முழுப் பந்துக்குத் தூங்கியது.

நார்வேயில் 2024 ஜூலையில் வி.ஏ.ஆரை எதிர்த்து ரசிகர்கள் மீன் கட்லெட்டுகளை மைதானத்துக்குள் எறிந்து ஓர் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். எறிவது தவறு. ஆனாலும் அவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஸ்வீடனில் ரசிகர்களின் பிடி கிளப்களின்மேல் வலுவாக இருப்பதால் வி.ஏ.ஆரை உள்ளேயே விடவில்லை. இங்கிலாந்தில் உல்வ்ஸ் கிளப் அதை நீக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தது. 19-1 என்று தோற்றது.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். தோஹாவை என்னால் பொறுக்க முடியவில்லை.

2022 உலகக் கோப்பை கத்தாரில் நடந்தது. கூரையில் 12 கண்காணிப்புக் கேமராக்கள், ஒவ்வொரு வீரர் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை படிக்கும் ஏற்பாடு, பந்துக்குள் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் உணரி. டிசம்பர் 1 அன்று ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானின் மிடோமா கோட்டோரம் விழுந்து திருப்பிய பந்து, வெளியே போய்விட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். அதன் விளிம்பு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கோட்டின்மேல் இருந்தது என்று கண்டுபிடித்து கோல் கொடுத்தார்கள். அந்தக் கோலால் ஜப்பான் வென்றது, அதே பிரிவில் இருந்த ஜெர்மனி வெளியேறியது. சரியான தீர்ப்பு, மகிழ்ச்சி.

பதினெட்டே மாதம் கழித்து, 2024 ஜூன் 11, அதே கத்தார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. சுனில் சேத்ரி ஓய்வு பெற்ற பிறகு இந்தியாவின் முதல் ஆட்டம். வென்றால் வரலாற்றில் முதல்முறையாக மூன்றாம் சுற்று. 37ஆவது நிமிடத்தில் சாங்டே கோல் அடித்து 1-0 என்று முன்னிலையும் கொடுத்துவிட்டார். 73ஆவது நிமிடத்தில் கத்தாருக்கு ஒரு ஃப்ரீ கிக். அவர்களின் யூசுஃப் அய்மன் தலையால் முட்டியதை நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்தார். பந்து கம்பத்துக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. முழுப் பந்தும் வெளியே. குர்பிரீத் தரையில் கிடக்கிறார், நம் வீரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். கத்தார் வீரர் ஒருவர் வெளியே போன பந்தைக் காலால் உள்ளே இழுத்துவிடுகிறார், அய்மன் வலைக்குள் தள்ளுகிறார். நடுவர் கோல் என்கிறார்! நம் வீரர்கள் சூழ்ந்துகொண்டு கெஞ்சினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். அந்த ஆட்டத்தில் வி.ஏ.ஆர். இல்லை. 85ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோலும் விழுந்தது, 1-2, இந்தியா வெளியே. நம் கால்பந்துச் சங்கம் புகார் எழுதியது. முடிவு மாறவில்லை.

இரண்டு மில்லிமீட்டரைக் கண்டுபிடித்த அதே நாட்டில், ஒரு முழுப் பந்து வெளியே போனதைப் பார்க்க நடுவருக்கு ஒரு திரை இல்லை! ஒளிபரப்பில் அந்தக் காட்சியை உலகமே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்க, தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் ஒருவர் மட்டும் பார்க்க முடியாதவராக நின்றார். பணக்கார லீக்குகள் அக்குளுக்கும் கால்விரலுக்கும் காசைக் கொட்டுகின்றன. 2025 மார்ச்சில் போர்ன்மத்-உல்வ்ஸ் கோப்பை ஆட்டத்தில் ஒரே ஒரு கோலைச் சரிபார்க்க எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். 140 கோடி மக்களின் அணிக்கு எட்டு நொடி கிடைக்கவில்லை.

காசு இல்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் ஃபிஃபாவே ஓர் எளிய முறையைச் சோதித்தது. தனி அறை வேண்டாம், அறை நிறைய ஆட்கள் வேண்டாம். பயிற்சியாளருக்கு இரண்டு முறையீடு. அவர் கேட்டால் களத்து நடுவரே மைதானத்தின் ஓரத்தில் உள்ள திரையில் ஒளிபரப்புக் காட்சியைப் பார்த்து முடிவு சொல்வார். முறையீடு வென்றால் வாய்ப்பு கையில் இருக்கும். இது அன்று தோஹாவில் இருந்திருந்தால் நம் பயிற்சியாளர் கையைத் தூக்கியிருப்பார், அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்.

இதைத் தகுதிச் சுற்றின் எல்லா ஆட்டங்களுக்கும் கட்டாயமாக்குங்கள். நம் உள்நாட்டு லீக்கிலும் வையுங்கள். பெரிய லீக்குகளில் ஆஃப்சைடு சரிபார்க்க ஒரு நிமிடம் கொடுங்கள். அதற்குள் தெரியவில்லை என்றால் களத்தில் சொன்னதே நிற்கட்டும். அறைக்குள் பேசுவதை அப்போதே மைதானத்துக்கும் டிவிக்கும் கேட்க விடுங்கள். தவறு என்று தெரிந்த பிறகும் ஆட்டம் தொடங்கிவிட்டது என்று கைகட்டி நிற்கச் சொல்லும் அந்த விதியைத் திருத்துங்கள், டியாஸுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடப்பதற்கு முன்.