செக்ரோலில் விழும் பேரும் இடாப்பில் விழாத பேரும்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் ‘பேர்’ என்ற சொல்லை, ஒரு நாள் சம்பளக் கணக்கை, விளக்கத் தேவையில்லை. சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து கூடையை வைத்ததும் அப்பா கேட்பது, “இன்னைக்குப் பேர் போட்டாங்களா?” என்றுதான். மாதக் கடைசியில் தோட்டத்தின் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஒரு பேர் குறைந்தால் ஆபீஸ் வாசலில் போய் நின்று கணக்குக் கேட்காமல் திரும்ப மாட்டார் அம்மா. அந்த ஒரு பேரில் ஒரு நாள் சோறு இருக்கிறது.

வாக்காளர் இடாப்பில், அதாவது வாக்காளர் பட்டியலில், பேர் இருக்கிறதா என்று மட்டும் எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி வரை.

அன்றைக்கு ஜனாதிபதித் தேர்தல். தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை. பதினெட்டு முடிந்த கையோடு போனவன். முதல் நாள் இரவு கடை பூட்டியதும் புறக்கோட்டையில் பஸ் ஏறி, ஹட்டன் வரை நின்றுகொண்டே வந்தான். காலையில் குளித்து, சட்டை மாற்றி, அடையாள அட்டையோடு வாக்களிப்பு நிலையத்துக்குப் போனான். பட்டியலில் பேர் இல்லை. அந்த அதிகாரி பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. தம்பி வீட்டுக்கு வந்து எதுவும் பேசவில்லை. மத்தியான பஸ்ஸிலேயே திரும்பிவிட்டான்.

என்ன நடந்தது என்று பிறகு விசாரித்தேன். வாக்காளரைப் பதிய வீட்டுக்கு வரும் பி.சி. படிவம் வந்தபோது அப்பா, “அவன்தான் கொழும்புல இருக்கானே” என்று அவன் பேரை எழுதவில்லை. கொழும்பில் அவன் படுப்பது கடையின் மேல்மாடியில், இன்னும் நாலு பேரோடு. அந்த விலாசத்தில் அவர்களை எழுத யாருக்கும் தோன்றவில்லை. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. வேலைக்காகப் போய் வருகிறவனை வீட்டோடு சேர்த்தே எழுதியிருக்கலாம் என்று கிராம சேவகர் பிறகு சொன்னார். அந்த ஒரு வரி விடுபட்டதால் செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் என்று எட்டு மாதத்துக்குள் மூன்று வாக்குகள் அவனுக்குப் போயின.

தம்பி வாக்களிக்காமல் திரும்பிய அன்றிரவு எனக்கு அம்மாயி, அம்மாவின் அம்மா, ஞாபகம்தான் வந்தது.

1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம், அதற்கடுத்த வருடம் தேர்தல் சட்டத்தில் ஒரு திருத்தம். அவ்வளவுதான், இந்திய வம்சாவளியினரான நம் ஆட்களின் பேர்களை இடாப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கையெழுத்து வைக்கத் தெரியாதவர்களின் வாக்கைக் கையெழுத்தாலேயே பறித்தார்கள். 1952இல் இதை எதிர்த்துக் கொழும்பில் மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இடாப்பில் பேர் வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் போராட்டமே என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? 1977இல் நுவரெலியா மஸ்கெலியா தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வெல்லும்வரை, மலையகத்திலிருந்து நம்மவர் ஒருவர் வாக்கால் தெரிவாகிப் பாராளுமன்றம் போக முப்பது வருடம் ஆனது. நாடற்றவர்களின் கணக்கு முழுதாய்த் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது.

அம்மாயி 1943இல் இந்த மண்ணில் பிறந்தவர். முதல்முறை வாக்களித்தது 1989இல், நாற்பத்தாறு வயதில். அதற்குள் அவர் பேத்தி பார்த்துவிட்டார். நம் ஆட்களை இரண்டு நாடுகளும் பங்கு பிரித்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவருடைய அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனது. இங்கே மிஞ்சிய அம்மாயி தன் பிரஜாவுரிமைப் பத்திரத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து வரிசையில் முதல் ஆளாக நின்றார். அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்ததை அப்பா ஒரு நிமிட யோசனையில் விட்டுவிட்டாரே என்று கோபம் வந்தது. ஆனால் அப்பாவை மட்டும் சொல்லி என்ன பயன், நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

கல்யாணமாகி வேறு தோட்டத்துக்கு வந்து பல வருடம் என் பேர் அம்மா வீட்டு இடாப்பிலேயே இருந்தது. தேர்தலுக்குத் தேர்தல் அங்கே போய்ப் போட்டுவிட்டு, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வருவேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. மகளை முதலாம் வகுப்பில் சேர்க்க டவுனில் ஒரு பாடசாலைக்கு விண்ணப்பித்தபோதுதான் விழித்தேன். வதிவிடத்தை நிரூபிக்க வாக்காளர் இடாப்பைக் கேட்டார்கள், அதுவும் ஐந்து வருடத்துக்கு. கணவர் பேர் இருக்கிறது, என் பேர் இல்லை. புள்ளி குறைந்தது, இடம் கிடைக்கவில்லை. கட்டிக்கொண்டு வந்த பெண்கள் நம் லயங்களில், இந்த வரிசை வீடுகளில், எத்தனை பேர் இப்படிப் பிறந்த வீட்டு இடாப்பிலேயே இருக்கிறார்கள்! மாமியாரோ கணவரோ படிவம் எழுதும்போது, “என் பேரையும் எழுதுங்க” என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள் தங்கச்சிமாரே. ஒருவருக்கு ஒரு இடத்தில்தான் பதிவு இருக்கலாம், அதனால் பழைய இடத்தில் எடுக்கச் சொல்லவும் மறக்காதீர்கள்.

எல்லாப் பழியையும் நம் தலையில் போட்டுக்கொள்ளவும் நான் தயாரில்லை. லயத்துக்கு ஒழுங்கான விலாசம் கிடையாது. ஒரே தோட்டப் பேரில் இருநூறு குடும்பத்துக்குக் கடிதம் வந்தால், அது தோட்ட ஆபீஸ் மேசையில் கிடந்து, யாராவது அந்தப் பக்கம் போனால்தான் வீடு வந்து சேரும். வாக்காளர் அட்டை தேர்தல் முடிந்த பிறகு எங்கள் கைக்கு வந்ததும் உண்டு. ஏழு பேர்ச் அளவுள்ள காணித் துண்டில் புது வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கும் பல இடங்களில் வீட்டு இலக்கம் இல்லை. அப்புறம் இந்தப் பெயர் எழுத்து. முத்துலெட்சுமி என்ற ஒரு பேர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, இடாப்பில் இன்னொரு மாதிரி. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, திரும்பத் தமிழாக்கும்போது ஆளே மாறிவிடுகிறார். விலாசமும் தமிழ் தெரிந்த உத்தியோகத்தரும் தரவேண்டியது அரசாங்கத்தின் கடமை. அதைக் கேட்கும் பலமும் நமக்கு இந்த இடாப்பிலிருந்துதான் வர வேண்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், மாவட்டங்களுக்குத் தெரிவாகும் 196 பாராளுமன்ற ஆசனங்களில் 160, பதிவான வாக்காளர் தொகையைப் பார்த்தே பிரிக்கப்படுகின்றன. சனத்தொகையைப் பார்த்து அல்ல. 2024இல் கம்பஹாவுக்கு ஒன்று கூடியது, கொழும்புக்கு ஒன்று குறைந்தது. நுவரெலியாவுக்கு எட்டு. பேர் எழுதாத பிள்ளை வாக்களிக்காமல் இருப்பதோடு நிற்கவில்லை, அவனை யாரும் எண்ணுவதே இல்லை. தேர்தல் வந்தால் மேடை போட்டு மாலை வாங்குகிற எல்லாக் கட்சிகளிடமும், தொழிற்சங்கங்களிடமும் இதைத்தான் கேட்கிறேன்: படிவம் வரும் மாதங்களில் ஒரு நாளாவது லயத்துக்கு லயம் வாருங்கள்.

இப்போது இடாப்புக்குக் கணக்கெடுக்கும் திகதி பெப்ரவரி 1. அதற்குப் பிறகு பதினெட்டு ஆகிறவர்களுக்குக் குறைநிரப்புப் பட்டியல் உண்டு, அடுத்த வருடம்வரை காத்திருக்கத் தேவையில்லை. சேர்க்கப்போகிற பேர்களையும் நீக்கப்போகிற பேர்களையும் பட்டியல் போட்டுப் பார்வைக்கு வைப்பார்கள். அந்த நாட்களில் சொன்னால் திருத்தம் சுலபம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எங்கள் மேல்கணக்கில், தோட்டத்தின் மேல் பிரிவில், உள்ள கோயில் மடத்தில் போனோடு உட்கார்ந்திருப்பேன். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டால் பேர் இருக்கிறதா என்று பார்க்கலாம். அட்டையோடு வாருங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் இலக்கத்தையும் போனில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கீழ்கணக்கு ஆட்களுக்கு அந்திக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை எனக்கும் கிராம சேவகரிடம் இரண்டு வேலை இருக்கிறது. தம்பியின் பேரைச் சேர்க்க வேண்டும். போன வருடம் தவறிய அம்மாயியின் பேர் இன்னும் இடாப்பில் இருக்கிறது. மரணச் சான்றிதழின் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பேரை எடுக்கச் சொல்லி நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.