எந்த ஊருக்கு வண்டி?

நிவேதா: சித்தப்பா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு காகம், பக்கத்தில் 7, அதற்குப் பக்கத்தில் பாதி வாழைப்பழம். என்ன தோன்றுகிறது?

சித்தப்பா: எந்த வார்டு?

நிவேதா: வார்டா?

சித்தப்பா: சுயேச்சைச் சின்னம்தானே? ஆனால் பறவை, மிருகமெல்லாம் இப்போது புதிதாகக் கொடுப்பதில்லையே.

நிவேதா: ஐயோ, மியூசிக் ஃபெஸ்டிவல் சித்தப்பா! டிசம்பரில், ஈசிஆரில். யார் யார் வருகிறார்கள் என்று சொல்லாமல் வாரத்துக்கு ஒரு க்ளூ விடுகிறார்கள். நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சித்தப்பா: கண்டுபிடித்தால் என்ன தருவார்கள்?

நிவேதா: ஒன்றும் தர மாட்டார்கள்.

சித்தப்பா: சரி, அவர்களாகவே சொன்ன பிறகு, பிடித்திருந்தால் டிக்கெட் வாங்கு.

நிவேதா: டிக்கெட் போன மாதமே வாங்கியாச்சு. ஏர்லி பேர்ட்.

சித்தப்பா: பறவைக்கு எதற்கு டிக்கெட்?

நிவேதா: முதலில் வாங்குகிறவர்களுக்குச் சலுகை விலை, அதற்குப் பெயர் அது. வெறும் 3,499 ரூபாய்.

(இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சித்தப்பா 32 வருடம் சென்ட்ரலில் ரிசர்வேஷன் கவுண்டரில் உட்கார்ந்தவர். இன்றைக்கும் வீட்டில் யாராவது ஊருக்குப் போகிறேன் என்றால் பெயர், வயது, ஆணா பெண்ணா என்று வரிசையாகக் கேட்டுவிட்டுத்தான் ‘எதற்கு’ என்று கேட்பார். நான் பெரம்பூர் வீட்டு ஹாலில் முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.)

சித்தப்பா: யார் பாடப்போகிறார்கள் என்று தெரியாது. ஆனால் 3,499 கொடுத்துவிட்டாய்.

நிவேதா: ஆமாம்.

சித்தப்பா: கவுண்டரில் ஒரு ஆள் வந்து நிற்கிறான். டிக்கெட் கொடுக்கிறேன், பணம் வாங்குகிறேன். வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்கிறான். ஒரு காகத்தை வரைந்து கொடுத்து ‘நீயே கண்டுபிடி’ என்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு வேலை இருக்குமா?

நிவேதா: இது ரயில் இல்லை சித்தப்பா, அனுபவம்!

சித்தப்பா: தெரியாத வண்டியில் ஏறினாலும் அனுபவம்தான். விஜயவாடாவில் இறக்கிவிடுவார்கள்.

நிவேதா: சும்மா கிண்டல் பண்ணாதீர்கள். எங்கள் ரசிகர் குழுவில் எவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறது தெரியுமா? ஒருத்தர் இந்தப் படத்தை நாலு மடங்கு பெரிதாக்கி, காகத்தின் அலகு வடகிழக்கைக் காட்டுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். ஆக வடகிழக்கு மாநிலத்திலிருந்து ஒரு ராக் குழு. போன வார க்ளூவையும் சேர்த்துப் பார்த்தால் பொருந்துகிறது: ‘டிசம்பரில் வருகிறார். ஊருக்கே தெரிந்தவர். போன முறை ஏமாற்றினார். இந்த முறை விடமாட்டார்.’

சித்தப்பா: வடகிழக்கா?

நிவேதா: வடகிழக்கு.

சித்தப்பா: மழை.

நிவேதா: என்ன?

சித்தப்பா: வடகிழக்குப் பருவமழை. டிசம்பரில் வரும், ஊருக்கே தெரியும், போன தடவை ஏமாற்றியது. இதைக் கண்டுபிடிக்கப் படத்தை நாலு மடங்கு எதற்குப் பெரிதாக்க வேண்டும்? குடையை எடுத்து வை.

நிவேதா: (சற்று நேரம் கழித்து) குழுவிலும் ஒருத்தர் மழை என்றுதான் சொன்னார். அவரை நீக்கிவிட்டார்கள்.

சித்தப்பா: விவரமானவன். நம்பர் இருந்தால் கொடு.

நிவேதா: உலகம் முழுவதும் இப்படித்தான் சித்தப்பா. இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி என்று ஒரு ஃபெஸ்டிவல். அங்கேயும் முக்கால்வாசிப் பெயர்கள் தெரிவதற்கு முன்பே லட்சக்கணக்கில் டிக்கெட் விற்றுத் தீர்ந்துவிடும். 2023-இல் பட்டியலில் தி சர்னப்ஸ் என்று ஒரு பெயர். அப்படி ஒரு குழுவே கிடையாது. ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற பெரிய குழுவின் டேவ் குரோல் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார், அதில் ‘சர்னிங் அப்’ என்று ஒரு வார்த்தை வருகிறது. அவ்வளவுதான், பிடித்துவிட்டார்கள். மேடை ஏறியது அவர்களேதான்!

சித்தப்பா: சர்ன் என்றால்?

நிவேதா: கடைவது. தயிர் கடைவது மாதிரி.

சித்தப்பா: இது எங்கே நடக்கிறது என்றாய்?

நிவேதா: வொர்த்தி ஃபார்ம். ஒரு... பால் பண்ணை.

சித்தப்பா: பால் பண்ணை வாசலில் ‘கடைகிறவர்கள்’ என்று போர்டு போட்டிருந்தால் நான் தூக்கை எடுத்துக்கொண்டு மோர் வாங்கத்தானே போவேன்?

நிவேதா: அந்தப் பண்ணையில்தான் 1970-இல் இது ஆரம்பித்தது. அப்போது டிக்கெட் ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம்.

சித்தப்பா: பால் கொடுத்தார்களா? சும்மாவா?

நிவேதா: சும்மா.

சித்தப்பா: போன வருடம் ஈசிஆரில் ஒரு கச்சேரிக்கு உன் அண்ணனோடு வந்தேனே, கேட்டில் என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். உள்ளே போனால் அதே பாட்டில் 80 ரூபாய். வண்டி நிறுத்த 300. அந்த இடத்திலிருந்து மேடைக்கு ஒன்றரை கிலோமீட்டர், மணலில். கையில் டிக்கெட் இருந்தும் பாதிப் பேர் வெளியே நின்று பாட்டைக் கேட்டார்கள். பாடுகிறவர் யார் என்று யாருக்கும் சந்தேகமே இல்லை. கழிவறை எங்கே என்பதுதான் பரம ரகசியம். அதற்கு ஒரு க்ளூ கொடுத்தானா?

(கொடுக்கவில்லை. நான் சாட்சி.)

நிவேதா: எல்லாரும் அப்படி இல்லை சித்தப்பா. அப்புறம், சஸ்பென்ஸ் இருந்தால்தானே சுவாரசியம்?

சித்தப்பா: மார்கழியில் மயிலாப்பூரில் சபா போர்டைப் போய்ப் பார். பாட்டு யார், வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார், எத்தனை மணி, எல்லாம் அச்சடித்து வைத்திருப்பான். மதியக் கச்சேரி பல இடத்தில் இலவசம். பாட்டு சுமாராக இருந்தாலும் கேன்டீனில் கீரை வடை நிச்சயம்.

நிவேதா: ஆனால் என்ன ராகம் என்று முன்கூட்டியே சொல்வதில்லையே! ஆலாபனை ஆரம்பித்ததும் முன்வரிசை மாமாக்கள் எல்லாரும் காதோடு காதாக ‘தர்பாரா நாயகியா, தர்பாரா நாயகியா’ என்று அடித்துக்கொள்கிறார்களே, அது மட்டும் என்னவாம்? நீங்களே நோட்டுப் புத்தகத்தில் நாயகி என்று எழுதி, அடித்து, தர்பார் என்று எழுதி, அதையும் அடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பா: (மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அது சுத்தமாகத்தான் இருந்தது.) அது உள்ளே உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிப்பது. வண்டி ஏறியாகிவிட்டது, அடுத்த ஸ்டேஷன் அரக்கோணமா திருவள்ளூரா என்று பேசிக்கொள்கிறோம். நீ எந்த வண்டி என்றே தெரியாமல் பிளாட்பாரத்தில் நிற்கிறாய்.

நிவேதா: எல்லாவற்றுக்கும் ரயில்தானா உங்களுக்கு?

சித்தப்பா: சரி, ரயிலை விடு. டிக்கெட் வேண்டாம் என்றால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள்?

நிவேதா: முழுசும். பணம் திரும்பாது.

சித்தப்பா: உட்கார சீட் நம்பர்?

நிவேதா: சீட்டே கிடையாது. எல்லாரும் நின்றுகொண்டுதான். மதியம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை.

சித்தப்பா: அடிப்பாவி. அன்ரிசர்வ்டு பெட்டிக்கு முன்பதிவு செய்திருக்கிறாயா? ரயில்வேயே 120 நாள் முன்பதிவை 60 நாளாகக் குறைத்துவிட்டது, நீ மாசக்கணக்கில் முன்னால் போய் நிற்கிறாய். இத்தனை வருடத்தில் இதைச் செய்த ஒரு பயணியைக்கூட நான் பார்த்ததில்லை.

(இதற்கு நான் சிரித்துவிட்டேன். நிவேதா முறைத்ததில் முறுக்குத் தட்டு அவள் பக்கம் போனது.)

நிவேதா: போகட்டும், இந்தப் படத்துக்காவது பதில் சொல்லுங்கள். காகம், ஏழு, பாதிப் பழம்.

சித்தப்பா: பழம் சரியாகப் பாதியா?

நிவேதா: கத்தி வைத்து வெட்டினது மாதிரி.

சித்தப்பா: ஏழு. அப்புறம் அரை.

நிவேதா: ஏழு... அரை...

சித்தப்பா: காகம் யாருக்கு வாகனம்?

நிவேதா: சனீஸ்வரனுக்கு. ஐயோ, சித்தப்பா!

சித்தப்பா: ஏழரைச் சனி. 3,499 ரூபாய்க்குக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாய். திருநள்ளாறு போனால் எள் விளக்குக்கு இவ்வளவு ஆகாது. முதல் தடவையாக உன் ஆட்கள் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள், அதையும் நீங்கள் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறீர்கள்.

நிவேதா: இருங்கள், இதைக் குழுவில் போடுகிறேன்.

(போட்டாள். பத்து நிமிடத்தில் சித்தப்பாவைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ‘சனி’ என்ற பெயரில் பாடுகிற ராப் பாடகர் யாராவது இருக்கிறாரா என்று ஒருவர் தேடத் தொடங்கினார். ஏழரை என்பது மேடையின் அகலமாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். அப்போதுதான் அமைப்பாளர்களிடமிருந்து செய்தி வந்தது.)

நிவேதா: (மெதுவாக வாசிக்கிறாள்) ‘க்ளூவைக் கண்டுபிடித்தீர்களா? ஏர்லி பேர்ட் சலுகை இன்று மாலை 7.30 மணியோடு முடிகிறது.’

சித்தப்பா: பேர்ட். ஏழு. அரை.

நிவேதா: சித்தப்பா... இப்போது மணி 7.24. திவ்யாவுக்கு இன்னும் வாங்கவில்லை. என் அக்கவுண்டில் 600 ரூபாய்தான் இருக்கிறது. உங்கள் கார்டை ஒரே ஒரு தடவை...

சித்தப்பா: பெயர்?

நிவேதா: திவ்யா.

சித்தப்பா: வயது?

நிவேதா: 22. சீக்கிரம் சித்தப்பா!

சித்தப்பா: எந்த ஊருக்கு?